ஆறு மணிக்குள்ள போகணும் சார்

வேலை கிட்டத்தட்ட கைக்கு வந்துவிட்டது என்று தெரிந்த நிமிடத்தில்தான் ஷாலு அதைச் சொன்னாள்.

எண்ணூர் போகிற சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டு. வாசலில் மூக்கோடு மூக்கு உரசி நிற்கும் டிரெய்லர்களுக்கு நடுவே புகுந்து, துப்பட்டாவால் புழுதியைத் தட்டிவிட்டு, இரும்புப் படியேறி மாடிக்குப் போனால் அலுவலகம். மேனேஜர் சங்கரநாராயணன் ஐம்பதைத் தாண்டியவர். நெற்றி நிறைய விபூதி, குரல் உயராத பேச்சு. ஷாலு, மகள் மகிழினி பிறக்கும்வரை இதே மாதிரி ஒரு கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்கள் தயார் செய்யும் வேலை பார்த்தவள். அவர் கேட்டதற்கெல்லாம் தடங்கலில்லாமல் பதில் சொன்னாள். இன்டர்வியூவுக்காகப் பேச்சையும் இஸ்திரி போட்டு எடுத்து வந்திருந்தாள். 'இன்னா', 'கீது' எல்லாம் வீடு இருக்கும் தண்டையார்பேட்டையிலேயே நின்றுகொண்டன.

"நல்லதும்மா. எப்ப ஜாயின் பண்ண முடியும்?" என்று அவர் பேனாவைத் திறந்தார்.

"திங்கட்கிழமையே வர்றேன் சார். ஒரே ஒரு விஷயம். எனக்கு மூணு வயசுல ஒரு பொண்ணு இருக்கா. பகல்ல ஒரு அக்கா வீட்டுல விடுறேன். அவங்க ஆறு மணிக்கு மேல வெச்சிக்க மாட்டாங்க. ஆறு மணிக்குள்ள போகணும் சார். காலையில எவ்ளோ சீக்கிரம் வேணும்னாலும் வர்றேன்."

சங்கரநாராயணன் பேனாவை மூடினார். கோபமாகவெல்லாம் மூடவில்லை. மெதுவாக, மூடி 'டக்' என்று உட்காரும்வரை அழுத்தி மூடினார்.

"வெளிப்படையா சொன்னதுக்கு ரொம்ப சந்தோஷம்மா. ஆனா பாரு, இது கப்பல் சம்பந்தப்பட்ட வேலை. நேரம் காலம் கெடையாது. கொழந்தை கொஞ்சம் பெருசாகட்டுமே, என்ன அவசரம்? எதுக்கும் சொல்லி அனுப்புறோம்."

சொல்லி அனுப்ப மாட்டார்கள் என்பது படியிறங்கும்போதே அவளுக்குத் தெரியும். கேட்டுக்குப் பக்கத்தில், ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஆள் தேவை என்று ஒரு பலகை தொங்கிற்று. தன் வீட்டுக்காரன் டில்லிபாபுவுக்கு ஆகுமே என்று அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். அவன் இப்போது டிரெய்லர் ஓட்டுகிறான். காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குச் சரக்கோடு போனால் வரிசையில் மாட்டி எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. அதனால்தான் பிள்ளையைக் கூட்டி வருவது எப்போதும் ஷாலுவின் தலையில் விழுந்தது.

பழைய கம்பெனித் தோழி நவ்ரீனிடம் போனில் சொன்னாள். நவ்ரீன் கத்தினாள். "லூசாடி நீ? இன்டர்வியூல உக்காந்துகினு எவளாச்சும் புள்ள கதைய எடுப்பாளா? நானெல்லாம் மூணாவது மாசம்தான் எனுக்குப் பையன் கீறான்னே சொன்னேன். மொதல்ல உள்ள போ. வேலையக் காட்டு. அப்பால மெதுவா சொல்லிக்கலாம்."

சரி, அப்படியே ஆகட்டும் என்று ஷாலு முடிவு செய்தாள்.

ராயபுரத்தில் இறால் ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் அடுத்த இன்டர்வியூ. அங்கே பொறுப்பில் இருந்தது ஒரு பெண், ஞானசெல்வி. பெண் என்றதும் ஷாலுவின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கடித்துக்கொண்டாள். "வீட்டுல சப்போர்ட் இருக்குல்ல?" என்று ஞானசெல்வி கேட்டபோது, "இருக்கு மேடம்" என்றாள். பொய் இல்லை. ஆறு மணி வரைக்கும் இருக்கிறது. அதற்குமேல் அவளும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

வேலை கிடைத்தது. முதல் சில நாட்கள் நன்றாகத்தான் போயின. சாயந்தரம் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்து, கணினியை அணைத்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எல்லோரும் இவளுக்குத் தூரத்தில் வீடு என்று நினைத்துக்கொண்டார்கள். அவளும் திருத்தவில்லை. நவ்ரீன் சொன்ன 'அப்பால' எப்போது வரும் என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானசெல்வி சிரித்த முகமாக இருந்த நாளில், அந்தச் சிரிப்பைக் கெடுப்பானேன் என்று தோன்றியது. கடுகடுவென்று இருந்த நாளில் கிட்டவே போக முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயந்தரம், கன்டெய்னர் கிளம்ப வேண்டிய நேரத்தில் இறால் பெட்டிகளின் எடை காகிதத்தில் இருந்ததோடு ஒத்துப்போகவில்லை. எல்லாக் காகிதங்களையும் மறுபடி டைப் அடிக்க வேண்டும். ஷாலுவின் போன் மேசைமேல் அதிர்ந்துகொண்டே இருந்தது. பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஜீனத் அக்கா. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தட்டினாள். டில்லிபாபுவுக்குப் போன் போட்டுப் பார்த்தாள். அவன் காட்டுப்பள்ளி வரிசையில் நின்றான். "முன்னாடி நூறு வண்டி நிக்கிது ஷாலு, நா இன்னா பண்ணட்டும்?" என்றான்.

கடைசியில் எழுந்து ஞானசெல்வியின் மேசைக்குப் போனாள். "மேடம், எனக்கு ஒரு சின்னப் பொண்ணு. இப்ப நான் போய்க் கூட்டணும். போய் அவளை வீட்டுல விட்டுட்டுத் திரும்ப வந்து முடிச்சிடுறேன்."

வீட்டில் யாரிடம் விடுவது என்று சொல்லும்போதே அவளுக்குத் தெரியவில்லை.

"இப்ப வந்து சொல்றீங்க?" என்றாள் ஞானசெல்வி.

முடித்துவிட்டுத்தான் போக முடிந்தது. ஷேர் ஆட்டோ கிடைத்தும் பயனில்லை. ஒரு டிரெய்லர் சாலையின் குறுக்கே திரும்ப முடியாமல் நின்று, இரண்டு பக்கமும் வண்டிகள் முட்டிக்கொண்டு கிடந்தன. இறங்கி நடந்தாள், பாதி ஓடினாள். ஜீனத் அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மகிழினி, முதுகில் பை மாட்டியபடியே தூங்கிப்போயிருந்தாள். உள்ளே யாரோ நடுங்கும் குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க மாமா படுக்கையில கீறாருன்னு உனுக்குத் தெரியும்லமா? அவருக்குக் கஞ்சி குடுக்கணும், துணி மாத்தணும். இது வாசலுக்கு ஓடுது, அங்க அவரு கூப்புடுறாரு. நா ஒருத்தி இன்னா பண்ணுவேன் ஷாலு?" ஜீனத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஷாலு பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் ஞானசெல்வி அறைக்குக் கூப்பிட்டாள். "எனக்கும் ரெண்டு பசங்க இருக்காங்க ஷாலு. எனக்குப் புரியாம இல்ல. ஆனா நீங்க மறைச்சிட்டீங்க. முதல் நாளே சொல்லியிருந்தா நான் வேற ஆளப் பாத்திருப்பேன்ல?"

"அதனாலதான் மேடம் சொல்லல."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான், சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது. ஞானசெல்வி இந்த மாதத்தோடு நின்றுகொள்ளச் சொன்னாள்.

அன்று சாயந்தரம் டில்லிபாபு குளித்துவிட்டு, போனில் அந்தப் பலகையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்பு மாதவரத்தில் ஒரு கோடவுனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியிருக்கிறான், லைசன்சும் இருந்தது. யார்டுக்குப் போன் போட்டதில், மறுநாள் ஞாயிறாக இருந்தாலும் காலையில் வரச் சொல்லியிருந்தார்கள்.

அவன் தலை துவட்டும் அழகைப் பார்த்தபோது ஷாலுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனிடம் எவனாவது கேட்பானா, குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று? சொல்வதா மறைப்பதா, முதலிலா கடைசியிலா என்று இவன் ஒரு ராத்திரியாவது புரண்டிருப்பானா?

"நாளிக்குப் போனா ஒண்ணு கேக்கணும் நீ" என்றாள்.

"சம்பளந்தான? அத்தக் கேக்காமலா?"

"ஆறு மணிக்குள்ள போவணும், புள்ளயக் கூட்டியாரணும்னு கேளு."

டில்லிபாபு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்துத் துண்டைக் கீழே வைத்தான். "எந்த ஆம்பள ஷாலு இத்தப் போய்க் கேப்பான்? சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும். என்னப் பாத்து எவனும் சிரிக்கக்கூட இல்ல. அவ எனுக்கு மட்டுமா பொறந்தா?"

"அதுக்கில்ல. கேட்டு, அதனாலயே வேல கெடைக்காம போச்சுன்னா?"

"எனுக்கு ரெண்டு தபா போச்சு. உனுக்கு ஒரு தபா போவட்டும்."

மகிழினி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்பாவின் துண்டை எடுத்துத் தன் தலையில் சுற்றிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் அவன் அல்வாப் பொட்டலத்தோடு வந்தான். வாசலிலேயே, "ஷாலு, கெட்சிருச்சு!" என்றான்.

"கேட்டியா?"

"நீ சொன்னத அப்டியே கேட்டேன். ஆறு மணிக்குள்ள போவணும் சார், பொண்ணக் கூட்டியாரணும்னேன். மேனேஜரு எழுந்து வந்து தோளத் தட்டிட்டாரு, இன்னாங்குற? 'இந்தக் காலத்துல இப்டி ஒரு அப்பாவா'ங்குறாரு. 'குடிச்சிட்டு லீவு போடுற பசங்களப் பாத்து பேஜாராப் போச்சு, உன்ன மாதிரி பொறுப்பான ஆளுதான் வேணும்'னாரு. நைட்டே கெடையாது, எனுக்குப் பகல் ஷிஃப்ட்டு மட்டும் போட்டுட்டாரு. தங்கமான மனுசன்."

ஷாலு பொட்டலத்தை வாங்கிய கையோடு நின்றாள். "விபூதி வெச்சிகினு, மெதுவாப் பேசுவாரே, அவரா?"

"ஆமா, சங்கரநாராயணன். உன்னப் பாத்ததும் அவருதானா?"

அவள் பொட்டலத்தைத் தரையில் போட்டாள். வைக்கவில்லை, போட்டாள்.

"நா சொன்ன அதே வார்த்த டில்லி. அதே ரூமு, அதே சேரு. நா கேட்டா புள்ள பெருசாகட்டும். நீ கேட்டா தோளத் தட்டுறான். எனுக்கு அது கொற, உனுக்கு அது பெருமையா?"

"வேல கெட்சிச்சுல்ல? அதுக்கு ஏன் என்கிட்ட எகிறுற? நீதான கேக்கச் சொன்ன?"

"நாந்தான் சொன்னேன். கெடைக்காதுன்னு நெனச்சி சொன்னேன்!"

அது உண்மை. அவன் அவமானப்பட்டுத் திரும்பி வர வேண்டும், தன்னைப் போல ஒருநாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றுதான் அனுப்பினாள். இப்போது அந்த வேலையால் வீட்டுக்கு நல்லதுதான். பிள்ளைக்கு நல்லது, தனக்கும் இனி வேலை தேடுவது சுலபம். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சந்தோஷப்படவும் முடியவில்லை, வேண்டாம் என்று தள்ளவும் முடியவில்லை.

"அப்ப நா போவல" என்றான் டில்லிபாபு, நிஜமாகவே.

"போவாம? போய்த் தொல. ஆறு மணிக்குள்ள வா."

மகிழினி தரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துவிட்டிருந்தாள்.

அந்த வாரம் முழுக்க, சங்கரநாராயணனுக்குப் போன் போட்டு நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று ஷாலுவுக்குக் கை பரபரத்தது. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட எண் போனில் இருந்தது. ஒருநாள் அதை எடுத்து அழுத்தப் போனாள். கேட்டால் என்ன ஆகும்? டில்லியின் வேலைக்கு ஆபத்து வரும். போனைக் கீழே வைத்துவிட்டு, ஊறவைத்த துணியை எல்லாம் அடித்துத் துவைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இன்னா ஷாலு, துணியக் கிழிச்சிடுவ போலக்கீது" என்றாள்.

அடுத்து வந்தது தம்புச் செட்டித் தெருவில், சுங்க வேலைகளை முடித்துக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகம். மெட்ரோவில் போகும்போது, சொல்வதா வேண்டாமா என்று மறுபடியும் அதே கேள்வி. முன்னாடியே சொன்னால் கதவைச் சாத்துகிறார்கள். உள்ளே போய்ச் சொன்னால் ஏமாற்றுக்காரி என்கிறார்கள். மண்ணடியில் இறங்கும்வரை அவளுக்கு விடை கிடைக்கவில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் ஒன்று தோன்றியது. பயந்துகொண்டு சொல்லக் கூடாது, பாவமன்னிப்பு கேட்கிற மாதிரிச் சொல்லக் கூடாது.

முதலாளி மனோகரன் வெற்றிலை போட்ட வாயோடு நிறையக் கேட்டார். அவள் வேலை தெரிந்தவள் என்று அவருக்குப் பிடிபட்டதும் எழுந்து, ஜன்னலோரம் ஒரு மேசையைக் காட்டினார். "இதான் உன் எடம். ஃபேன் கொஞ்சம் சத்தம் போடும்."

ஷாலு உட்காரவில்லை. "சார், உக்கார்றதுக்கு முன்னாடி ஒண்ணு பேசிடலாம். எனக்கு மூணு வயசுல பொண்ணு இருக்கா. சாயந்தரம் அவங்கப்பா கூட்டிட்டுப் போவாரு. அவரால முடியாத நாள் நான் ஆறு மணிக்குள்ள போகணும். அப்டி நாள் வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன். லேட் ஆகும்னா மத்தியானமே சொல்லிட்டீங்கன்னா ஏற்பாடு பண்ணிட்டு இருப்பேன்."

"கப்பல்காரன் மத்தியானமே சொல்லிட்டா வர்றான்?" என்றார் மனோகரன். பிறகு, "அவங்கப்பா டெய்லி கூட்டியாருவாரா? நெசமாவா? வேலை வெட்டி இல்லையா அவருக்கு?"

"இருக்கு சார். வேலையும் இருக்கு, பொண்ணும் இருக்கு."

மனோகரன் தாடையைச் சொறிந்தார். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "மூணு மாசம் பாக்கலாம்" என்று, அவள் எதிர்பார்த்ததைவிடக் குறைவான சம்பளத்தைச் சொன்னார். கொஞ்சம் ஏற்றிக் கேட்டாள். சோதனைக் காலம் முடியட்டும் என்றார். பிள்ளை விஷயம் சொல்லாமல் இருந்தால் இதே சம்பளம்தானா என்று கேட்க அவளுக்கு ஆசை. கேட்கவில்லை. மேசையில் போய் உட்கார்ந்தாள். ஃபேன் நன்றாகவே சத்தம் போட்டது.

சில வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. டில்லி சாயந்தரம் பிள்ளையைக் கூட்டி வந்தான். தெருவே அவனைப் பார்த்து ஆச்சரியப்பட்டது. கடைக்காரர் பிஸ்கட் கொடுத்து, "உன்ன மாதிரி ஆளு வருமா நைனா!" என்றார். ஷாலுவுக்கு இத்தனை வருஷத்தில் எவரும் பிஸ்கட் கொடுத்ததில்லை.

பிறகு ஒரு புதன்கிழமை, உச்சிவெயிலில் ஜீனத்திடமிருந்து போன். மகிழினிக்குக் கொதிக்கிறது, வாந்தி எடுத்துவிட்டாள்.

"அவருக்குப் போடுங்கக்கா. யார்டு நம்பர் குடுத்துக்கீறேன்ல?"

"ஆம்பளைக்கு வேல நேரத்துல எப்டிமா போடறது?"

"எனுக்கு மட்டும் இது இன்னா நேரம்க்கா?"

"சரி, போடுறேன்" என்றாள் ஜீனத்.

சாயந்தரம் ஷாலு வீட்டுக்குப் போனபோது டில்லிபாபு பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கியிருந்தான். சட்டையில் கிரீஸ், முகத்தில் அதைவிடக் கறுப்பு.

"இன்னா ஆச்சு?"

"கெளம்பணும் சார்னு போய் நின்னேன். வேலைய நடுவுல வுட்டுட்டா எப்டிப்பா, வூட்ல லேடீஸ் யாரும் இல்லையான்னு கேக்குறாரு. கீறாங்க சார், வேலைக்குப் போயிருக்காங்கன்னேன். எல்லார் முன்னாடியும் கேக்குறாரு. மொத நாளு தோளத் தட்டுன ஆளு, இன்னிக்கு மூஞ்சு குடுத்துப் பேசல."

"அன்னிக்கு நீ சும்மா சொன்ன. இன்னிக்கு செஞ்சிட்ட" என்றாள் ஷாலு.

அவன் துணியை நனைத்துப் பிழிந்து போட்டான். வெகுநேரம் கழித்து, "அந்தாளு உன்கிட்ட அன்னிக்கு சரியா இன்னா சொன்னான்?" என்று கேட்டான். இதுவரை அவன் அதைக் கேட்டதே இல்லை. அவர் பேனாவை மூடியதிலிருந்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். குறுக்கே பேசாமல் கேட்டான். கேட்டு முடித்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், பிள்ளைக்குக் கேட்காத மாதிரி.

காலையில் காய்ச்சல் இறங்கவில்லை. ஜீனத் வீட்டில் மற்றப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கொண்டுபோய் விட முடியாது. யார் இருப்பது என்று இருவரும் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டார்கள். நேற்று நான் இருந்தேன் என்றான் அவன். எனக்குச் சோதனைக் காலம் என்றாள் அவள். கடைசியில், மத்தியானம் வரை அவள் இருப்பது, அரை நாளுக்கு வேறொருவனைத் தன் ஃபோர்க்லிஃப்டை ஓட்ட வைத்துவிட்டு அவன் வந்துவிடுவது என்று முடிவாயிற்று. "கேக்குறேன். வுட்டா வர்றேன், வுடலன்னாலும் வர்றேன்" என்று கிளம்பினான்.

ஷாலு மனோகரனுக்குப் போன் போட்டாள். "சார், பொண்ணுக்குக் காய்ச்சல். மத்தியானத்துக்கு மேலதான் வர முடியும்."

"என்னம்மா இது, கொஞ்சம் முன்னாடி சொல்லக் கூடாதா?"

"காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியா சார்?"

சொல்லிவிட்டு, போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டாள். மறுமுனையில் வெற்றிலை மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. "வா, வா. வந்து முடி" என்று அவர் வைத்துவிட்டார்.

டில்லிபாபு சொன்ன நேரத்துக்கு வரவில்லை. கொஞ்சம் பிந்தி, மூச்சிரைக்க வந்தான். எப்படிக் கேட்டான், என்ன சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மருந்து எப்போது கொடுக்க வேண்டும் என்று சொல்லி, பிள்ளையை அவன் மடியில் மாற்றிவிட்டு, ஷாலு செருப்பை மாட்டும்போதே மகிழினி "ம்மா" என்று அழ ஆரம்பித்தாள். திரும்பிப் பார்த்தால் போக முடியாது என்று தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினாள்.

அலுவலகத்தில் காலை வேலை எதையும் யாரும் தொடவில்லை. அவள் மேசையில் அப்படியே அடுக்கி வைத்திருந்தார்கள். மனோகரன் தலை நிமிராமல், "எப்டி இருக்கா?" என்றார்.

"இன்னும் கொதிக்குது சார்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு முதல் காகிதக் கட்டைப் பிரித்தாள்.